தராசு இல்லாத கம்பனியில் உனக்கு ஒரு கதிரை

தம்பி,

கேக் வெட்டியாகிவிட்டது. உன் பெரியம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து, ரிபன் கேக் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, நீ இன்னும் கையெழுத்தே போடாத ஒரு வேலைக்காக அதை வெட்டி, எங்கள் லேனில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனாள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "எங்கட பெடியன் கப்டன்" என்றாள். துணை விமானி என்று நான் திருத்தினேன். "ரெண்டும் ஒண்டுதானேயடி, ரெண்டு பேரும் முன்னுக்குத்தானே இருக்கினம்" என்றாள். "அப்ப பஸ்ஸிலை முன் சீற்றிலை குந்தியிருக்கிறவன் எல்லாம் டிரைவரோ?" என்று நான் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எரிச்சல் என்று மேல் மாடி ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எரிச்சல்தான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இதை ஏன் பத்திரிகையில் எழுதுகிறாய், வீட்டில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். வீட்டில் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் சொன்னேன், நீ மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தாய். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன், நீ குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாய். தனியாக எழுதித் தந்தால் மடித்துச் சட்டைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு "வாசிச்சிட்டன் அம்மா" என்பாய். அது சட்டையோடு சலவைக்குப் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை இந்த வீட்டில் உன் அப்பா சத்தம் போட்டு வாசிப்பார், நீ தப்ப முடியாது. உன்னைப் போல் இன்னும் பல வீடுகளில் பல புத்திசாலிகள் இருக்கிறார்கள், அவர்களுடைய தாய்மாருக்கும் இது உதவட்டும். கம்பனியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் வெட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போடப் போகிற இடம் எது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

உன் முன்னால் இரண்டு கதவுகள் திறந்தன. இந்தச் சண்டைக் காலத்தில், இந்த ஊரில், ஒரு தமிழ்ப் பெயரோடு ஒருவனுக்கு ஒரு கதவு திறப்பதே அதிசயம். ஒன்று, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சனத்தை ஏற்றி இறக்குகிற உள்ளூர்க் கம்பனி. மற்றது மாலைதீவில், தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்புகிற குட்டி விமானங்களை வைத்து, தீவுக்குத் தீவு உல்லாசப் பயணிகளைக் கொண்டுபோய் விடுகிற கம்பனி. ஒரு விமானி தன் முதல் கம்பனியை எப்படித் தெரிவு செய்ய வேண்டும் என்று எங்கள் குடும்பம் கூடிக் கதைத்ததே, அந்த மாலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விமானத்தைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை. பயிற்சி யார் தருவார் என்று ஒருவர் கேட்கவில்லை. மாலைதீவில் விமானிகள் அரைக் காற்சட்டை போட்டு, வெறுங்காலோடு விமானம் ஓட்டுகிறார்கள் என்று நீ சொன்னதும் பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "வெறுங்காலோடையோ? அதுக்கே இவ்வளவு படிப்பிச்சனீங்கள்?" உள்ளூர்க் கம்பனியில் தோளில் தங்கப் பட்டி, தலையில் தொப்பி. தொப்பிக்கு எல்லா வாக்கும் விழுந்தது. பம்பலப்பிட்டியில் உனக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண் வீட்டாருக்கும் தொப்பியோடு ஒரு படம் வேண்டுமாம். விமானம் பறப்பது தொப்பியால்தான் என்று அவர்கள் நினைக்கிறார்களோ தெரியாது.

நீயும் சிரித்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஏனென்றால் காலி வீதியில் எல்லாக் கம்பனிக்கும் ரிக்கற் விற்கிற கவுண்டருக்குப் பின்னால் நான் கதிரை தேயத் தேய இருந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் போகிற சனம் முழுவதும் என் கண்ணாடிக்கு முன்னால்தான் வந்து நின்றது. பயணத்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் கிளியரன்ஸ் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், தாய் செத்ததைக் கேட்டு ஓடிவந்து இடம் இல்லாமல் நின்றவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள். எந்தக் கம்பனி நேரத்துக்குக் கிளம்பும், எது கிளம்பாது, எது கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பும் என்று எனக்கு விமானம் ஓட்டத் தெரியாமலே தெரியும். நீ பறக்கப் படித்த காலத்தில் நான் பறக்கிற சனத்தைப் படித்தேன்.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணம் போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை. ஊரே அவரிடம் பார்சல் கொடுத்து அனுப்பும். "இது ஒரு சின்னப் பார்சல், பாரமே இல்லை, ஒருக்காக் கொண்டுபோய்க் குடுங்கோ, தங்கச்சி வீட்டிலை வந்து எடுப்பினம்." இப்படித் தெமட்டகொடையில் ஒருவர், ஹெந்தளையில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் மூன்று பேர். மறுக்க முடியாது, மறுத்தால் பகை. பெட்டியின் நிறைக்குக் கம்பனி எல்லை வைத்தால் எங்கள் சனம் என்ன செய்யும்? பெட்டியிலிருந்து எடுத்து உடம்பில் போடும். சேலைக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைப்பைக்குள் பால்மாவும் சவர்க்காரமும் அடைத்துக்கொண்டு, முகம் வேர்த்து ஒழுக, "எனக்கு லேசாக் குளிருது" என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். திரும்பி வரும்போது அதே கோட்டுக்குள் பனங்கட்டியும் ஒடியல் மாவும். கெட்டித்தனமாம். யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பெட்டியில் இருந்தாலும் இடுப்பில் இருந்தாலும் விமானத்துக்குப் பாரம் பாரம்தான்.

அதனால்தான் ஒழுங்கான கம்பனிகள் பெட்டியை மட்டும் நிறுக்காமல் ஆளையும் தராசில் ஏற்றின. அது ஒரு அமர்க்களம். கோட்டில் வழக்காடுகிற அப்புக்காத்துமாரின் மனைவிமார், வட்டிக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள் எல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் அரிசி மூட்டையாகத் தராசில் ஏற வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்ப்பார். "என்னை என்ன மாடு எண்டு நினைச்சியளோ?" என்று ஒரு அம்மா என் மேல் பாய்ந்தது நினைவிருக்கிறது. அவ மாடு இல்லை, ஆனால் உள்ளே கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வைத்தபோது ஒரு சிறிய புடவைக்கடை போடலாம் போலிருந்தது.

உன் கம்பனி என்ன செய்தது தெரியுமா? தராசை எடுத்துப் போட்டது. பயணிகளுக்கு மரியாதை தருகிறார்களாம். தராசு இருந்த இடத்தில் பூச்சாடி வைத்து, வந்தவர்களுக்குக் குடிக்க நெக்ரோ சோடா கொடுத்தார்கள். எங்கள் சனம் உச்சி குளிர்ந்துவிட்டது. "இதுதான் எங்கட ஆக்களின்ரை கம்பனி, மனிசரை மனிசரா மதிக்கிறாங்கள்" என்று வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டே புகழ்ந்தார்கள். கம்பனி முதலாளி எங்கள் ஆள்தான். அதுவே பெரிய தகுதி. அதற்கு முன் இறால் ஏற்றுமதி செய்தவர். இறால் பழுதானால் கடலில் கொட்டிவிட்டு அடுத்த பெட்டியை அனுப்பலாம் என்கிற பழக்கத்தோடு விமானத் தொழிலுக்கு வந்திருக்கிறார். விமானம் எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஓடிக் களைத்த பழையது. அவருடைய கந்தோரிலுள்ள குளிரூட்டி மட்டும் புத்தம் புதியது.

ஒரு நாள் காலை, கிளியரன்ஸ் தாளில் பிழை இருந்த ஒரு கிழவருக்காக நான் இரத்மலானைக்குப் போனேன். உன் கம்பனி விமானம் நின்றது. சனம் ஏறிவிட்டது. உன் வயதுதான் இருக்கும் ஒரு பெடியன், துணை விமானி, கம்பஹாப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். ஏறுகிறவர்களின் கோட்டையும் கைப்பையையும் பார்த்துக்கொண்டே இருந்தவன், கடைசியில் இறங்கி வந்து, பாரம் கூடிவிட்டது, பெட்டிகளில் பாதியை இறக்க வேண்டும் என்றான். கப்டன் உள்ளே இருந்து வெளியே வரவேயில்லை. அவர் ஓய்வுபெறுகிற வயதுக்காரர், அவருக்கு வாய் திறக்கப் பயம். முகாமையாளர் முதலாளிக்குக் கைத்தொலைபேசியில் அடித்து, அதைப் பெடியனின் காதில் வைத்தார். அவன் கேட்டான். "பே சேர்" என்றான். முடியாது என்று. திரும்பவும் கேட்டான், திரும்பவும் அதையே சொன்னான். உள்ளேயிருந்து எங்கள் சனம் போட்ட கூச்சலை நீ கேட்டிருக்க வேண்டும். "சிங்களவன் எண்டபடியாத்தான் எங்கட சாமானை இறக்கிறான்" என்று ஒருவர் கத்தினார். தன் உயிரைக் காப்பாற்றுகிறவனைத் திட்டுவதற்கு எங்களை மிஞ்ச ஆள் இல்லை. பெட்டிகள் இறங்கின. விமானம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் நிற்கவில்லை. அவனை வேலையால் நிறுத்திவிட்டார்கள். "பயணிகளோடு ஒத்துழைக்கவில்லை" என்று காரணம் சொன்னார்கள். தம்பி, உனக்குக் கிடைத்த இடம் எப்படிக் காலியானது என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? பறக்கும் மணித்தியாலங்கள் குறைந்த, அனுபவமில்லாத ஒருவனை வீடு தேடி வந்து, காரில் ஏற்றிப்போய், விருந்து கொடுத்துக் கூப்பிடுகிறார்களே, ஏன் என்று கேட்டாயா? நீ அவ்வளவு கெட்டிக்காரனா? நான் உன் தாய், எனக்கே அப்படித் தோன்றவில்லை.

ஏன் என்று முதலாளியே வந்து எனக்குச் சொன்னார். போன கிழமை, எங்கள் கவுண்டருக்கு, வாசனை பூசிக்கொண்டு வந்தார். இப்போது சனம் பயப்படுகிறது. வானத்தில் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் நிச்சயம் இல்லை. பலாலிக்குப் பறக்கக் கூடாது, பறந்தால் கீழேயிருந்து சுடுவோம் என்று இயக்கத்தின் எச்சரிக்கை வருகிறது, சில நாள் எல்லாம் நிற்கிறது, பிறகு தொடங்குகிறது. பயந்த சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைத்தான் கேட்கும், "அக்கா, போகலாமே, பயமில்லையே?" என்று. என் முகத்தைப் பார்த்துத்தான் காசை எடுக்கும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "அக்கா, இனி உங்களுக்குக் கஷ்டமே இல்லை. கேக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, 'என்ரை மகன்தான் ஓட்டுறான்' எண்டு. பிறகு ஏன் பயம்? எங்கட பெடியன் முன்னுக்கு இருக்கிறான் எண்டு தெரிஞ்சால் கீழை இருந்தும் ஒருத்தனும் கை வைக்க மாட்டான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஒரு விமானியைத் தேடவில்லை. மேலே ஒரு தமிழ்ப் பெயரும் கீழே அதன் தாயும் அவருக்குத் தேவை. உன்னைக் காட்டிச் சனத்தை ஏற்றப் போகிறார். பாரத்தையும் ஏற்றப் போகிறார். உன் பெயருக்காக ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்கிறாரே, பாரம் கூடிய விமானத்துக்கு அது தமிழ்ப் பெடியன் ஓட்டுவது என்று தெரியுமா?

இதைச் சொன்னபோதுதான் நீ மீன்முள்ளை வைத்துவிட்டு வாய் திறந்தாய். "அம்மா, எங்கட சனத்துக்குத்தானே ஓட்டப்போறன். ஆரோ வெள்ளைக்காரனைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுறதைவிட இது மேல்தானே" என்றாய். அது நல்ல வார்த்தை. அந்த வார்த்தைக்காக உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன், வேறு நேரமாக இருந்தால். வைத்தியத்துக்கு வருகிற கிழவனும், பரீட்சைக்கு வருகிற பிள்ளையும், பெற்றாரைப் பார்க்கப் போகிறவளும் உன் விமானத்தில் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி ஒருநாள் படிக்கட்டில் நின்று "ஏலாது" என்று சொல்வது. அதை அந்தக் கம்பனியில் நீ சொல்ல முடியாது. கம்பஹாப் பிள்ளையைத் துரத்த அவர்களுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. உன்னைத் துரத்த அதுவும் தேவையில்லை. ஒரு தமிழ்ப் பெடியன் கிளம்ப மறுத்தான் என்றால் பாதுகாப்புக்காரர்களிடம் அதை எப்படியெல்லாம் திரித்துச் சொல்லலாம் என்று உனக்கு நான் படிப்பிக்க வேண்டுமா? வாயைத் திறந்தால் நாலாம் மாடி விசாரணை, திறக்காவிட்டால் கடல். நீ வாயை மூடிக்கொண்டு கிளம்புவாய். நீ கோழை என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கிளம்புவான், அதற்காகவே உன்னை எடுக்கிறார்கள்.

மாலைதீவுக் கம்பனியை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அங்கே துணை விமானி என்றால் கயிறு கட்ட வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், மிதவைக்குள் புகுந்த தண்ணீரைப் பம்பியால் இறைக்க வேண்டும். உப்புக் காற்றில் கறுத்துப் போவாய், பெண் வீட்டார் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், தொப்பிக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஒரு தொப்பியையே மருமகனாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அங்கே நேர்முகத்துக்குப் போய் வந்தவுடன் நீயே ஒரு கதை சொன்னாய், சொன்னது உனக்கு மறந்திருக்கும். அலை அதிகம் என்று ஒரு புதுப் பெடியன் இறங்க மறுத்து, பயணிகளோடு திரும்பி வந்தானாம், பயணிகள் கத்தினார்களாம், மறுநாள் அவன் வழக்கம் போல வேலைக்குப் போனானாம். நீ அதை ஒரு பகிடியாகச் சொன்னாய். எனக்கு அந்தக் கம்பனியைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. எந்தக் கம்பனிக்குப் போனாலும் இதை விசாரி: இங்கே கடைசியாக முடியாது என்று சொன்னவன் யார், அவன் இப்போது எங்கே? சம்பளத்தையும் சீருடையையும் பிறகு கேள்.

உன் அப்பா இதை வாசிக்கும்போது இந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார், "அவன் வளர்ந்த பிள்ளை, விடும்" என்று சொல்வார். வளர்ந்த பிள்ளைதான். கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்க எனக்குப் பலமும் இல்லை, விருப்பமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இரவில் இல்லை, பகலில். உன் கம்பனியின் நீலநிற ரிக்கற் புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும், பெயர் எழுத முன் ஆளை ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. உன் கம்பனியில்தான் உடனே இடம் இருந்தது. காசை எண்ணி வைத்துவிட்டு, எல்லோரும் கேட்கிறதையே கேட்டாள். "அக்கா, பயமில்லையே?" இத்தனை காலமும் வாய் தானாகவே "பயமில்லை, போங்கோ" என்று சொல்லிவிடும். பக்கத்து மேசையில் முதலாளியின் ஆள் ஒருவன் இருந்தான், நான் அந்தச் சொல்லைச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் காசைத் திருப்பித் தள்ளி, கப்பலுக்குப் பதியச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை எனக்கு அந்தக் கதிரை இருக்குமோ தெரியாது. இருந்தால், உன் கையெழுத்து விழுந்த பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலாளி சொல்லித் தந்த அந்தச் சொல்லைத்தான் சொல்லப் போகிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்வேன், கூட ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்வேன்.

"என்ரை மகன்தான் ஓட்டுறான். ஏறாதேங்கோ."

அம்மா